பாதாளத்தில் ஒரு மாமனார் வீடு

அமெரிக்காவில் நாகத்தைக் கொன்றால் புள்ளி கிடைக்கும். காஞ்சிபுரத்தில் நாகத்தைக் கட்டிக்கொண்டால் ராஜ்ஜியம் கிடைத்தது. எது லாபம் என்று பல்லவர்களைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் புள்ளிக் கணக்கைப் பார்த்துவிடலாம். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றொரு விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கதை சொல்வார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். வழியில் தென்படும் ஜந்துக்களை வெட்டுவார்கள். வெட்ட வெட்ட அனுபவப் புள்ளி ஏறும். எந்தெந்த ஜந்தை வெட்டலாம் என்பதற்கு 1977இல் ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்று தனிப் புத்தகமே வந்தது. அதில் நம்முடைய நாகமும் மாட்டிக்கொண்டது. அதுவும் மூன்று ரகம்: காவல் நாகம், ஆவி நாகம், தண்ணீர் நாகம். பாம்பு உடம்பு, மனித முகம், மந்திரம் கைவந்த கலை. காவல் நாகம் நல்லது, ஆவி நாகம் கெட்டது, தண்ணீர் நாகம் நடுநிலை. தொகுதிப் பங்கீடு முடியவில்லை போலிருக்கிறது.

ஒவ்வொரு ஜந்துவுக்கும் புத்தி எவ்வளவு என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. நாகங்களுக்கு நல்ல மதிப்பெண்ணே போட்டிருக்கிறார்கள். புத்திசாலி என்று சான்றிதழும் கொடுத்து, வெட்டினால் இத்தனை புள்ளி என்று விலையும் போட்டுவிட்டார்கள்.

வெள்ளைக்காரர்களுக்குப் பாம்பின் புத்தியைக் கண்டு வயிற்றைக் கலக்குவது புதிதல்ல. 1929இலேயே ராபர்ட் ஈ. ஹோவார்டு, ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையில் ஒரு கதை எழுதினார். கல் என்ற ராஜாவின் அரண்மனையில் பாம்பு மனிதர்கள் மந்திரிகளாக உருமாறி உட்கார்ந்திருக்கிறார்கள். கல் பதறிப்போகிறான், வாசகர்களும் பதறிப்போகிறார்கள். மந்திரி சபையில் பாம்பு என்பது அவர்களுக்குத் திகில் கதை. நமக்கு அது தினசரிச் செய்தி.

காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே ஏனாத்தூர். 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயம் இங்கேதான். ஒரு பக்கம் வேத பாடம், இன்னொரு பக்கம் கணினிப் பாடம், நடுவில் டீக்கடை. டீக்கடை பெஞ்சில் ஒரு பையன் செல்போனைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நாகத்தை வெட்டிக்கொண்டிருப்பான். தலை துண்டானதும் “செத்தாடா!” என்று ஒரு கத்தல். தம்பி உட்கார்ந்திருப்பது தொண்டை மண்டலம். பழைய கணக்குப்படி இந்த மண்டலத்தை ஆண்டவர்களுக்கு நாகம்தான் பாட்டி. பாட்டியை வெட்டிப் புள்ளி சேர்க்கும் பேரனை உலகத்திலேயே இங்கேதான் பார்க்கலாம்.

பாட்டி வீட்டாரைப் பற்றிக் கொஞ்சம் விசாரிப்போம். பெண் எடுக்கும் முன் குடும்பத்தை விசாரிப்பது காஞ்சிபுரத்து வழக்கம். முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் கடையில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால் புடவையின் விலைக்குச் சமமாகச் சம்பந்தியின் யோக்கியதையும் அலசப்படும்.

மணிமேகலையில் சீத்தலைச் சாத்தனார் நாகர்களை நேரிலேயே அறிமுகப்படுத்துகிறார். சாதுவன் என்று ஒருவன். பெயர்தான் அப்படி. ஆதிரை என்ற உத்தமியைக் கட்டிக்கொண்டு, கணிகை வீட்டிலும் சூதாட்டத்திலும் சொத்தைத் தொலைத்தவன். அப்புறம் புத்தி வந்து, சம்பாதித்து வருகிறேன் என்று வணிகர்களோடு கப்பல் ஏறினான். கப்பல் உடைந்தது. ஒடிந்த பாய்மரத் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையேறினால், அது நாகர்களின் மலை. நாகர்கள் என்றால் உடுப்பு என்கிற வழக்கமே இல்லாதவர்கள், மனுஷக் கறி தின்பவர்கள். அலுப்பில் மரத்தடியில் தூங்கிப்போனான் சாதுவன்.

பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுக்கண்டம் நமக்கு என்பார்கள். இது நாகர்கள் ஆளைத் தின்கிற ஊர். நடுக்கண்டம் யாருக்கு என்பதில்தான் சிக்கல்.

“தனியா ஒருத்தன் கெடக்கான். இன்னைக்குச் சாப்பாடு ஆச்சு” என்று எழுப்பினார்கள். சாதுவன் கண் விழித்து அவர்கள் பாஷையிலேயே பேசிவிட்டான். எங்கே கற்றான் என்று கேட்கக் கூடாது. வீட்டுக்கு அடங்காமல் ஊர் சுற்றியவனுக்கு நாலு பாஷை வரத்தான் செய்யும். சாப்பாடு பேசியதும் நாகர்கள் திகைத்துப்போய், “இவனை எங்க தலைவர்கிட்ட கூட்டிப் போவோம்” என்றார்கள். ஆளைத் தின்னும் கூட்டத்திலும் மேலிடத்து ஒப்புதல் இல்லாமல் ஒரு கண்டமும் வெட்டுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தலைவர் தம் மனைவியோடு அமர்ந்திருந்தார். கரடி ஜோடி உட்கார்ந்திருந்தது போல என்று சாத்தனார் சொல்கிறார். சுற்றிலும் கள் காய்ச்சும் பானை, காய்கிற எலும்பு, தாங்க முடியாத நாற்றம். தலைவர் வந்தவனைப் பார்த்தார். பாவம், கடலில் கிடந்து வந்தவன் என்று மனம் இரங்கி உத்தரவு போட்டார்:

“இவனுக்குக் கள்ளு குடுங்கடா. கறி குடுங்க. ஒரு பொண்ணையும் பார்த்து அனுப்புங்க.”

இதுதான் நாகர்களின் விருந்தோம்பல். இதைவிடப் பெருந்தன்மையாக நடந்துகொண்ட வேற்றுலகவாசி எந்த விளையாட்டிலும் எனக்குத் தென்பட்டதில்லை. ஆனால் சாதுவன் திருந்தியவன். திருந்தியவர்களைப் போலப் பிடுங்கல் பேர்வழிகள் யாரும் கிடையாது. “ஐயோ, வேண்டாங்க” என்றான்.

தலைவருக்குப் புரியவில்லை. “ஏம்ப்பா, பொண்ணும் சாப்பாடும் இல்லாம ஒருத்தன் இந்தப் பூமியில பொறந்து என்ன பிரயோஜனம்? இருந்தா சொல்லு, தெரிஞ்சுக்கறோம்.”

இதுதான் நான் நாகர்கள் பக்கம் சாய்ந்த இடம். கோபப்படவில்லை, பகடை உருட்டவில்லை. எதிர்க்கட்சி வாதத்தைக் கேட்கத் தயாராக இருக்கிறார். சாதுவன் அறம், மறுபிறப்பு, நல்வினை, தீவினை என்று எடுத்துவிட்டான். தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். “உடம்பை விட்ட உசிரு எப்படிப்பா வேற எடத்துல போய் நுழையும்? வழி சொல்லு.” தத்துவப் பேராசிரியர்கள் தேர்வில் கேட்கும் கேள்வி இது. கள்ளுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

சாதுவன் விளக்கினான். தலைவர் காலில் விழுந்தார். ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: “கள்ளையும் கறியையும் விட்டா நாங்க உடம்புல உசிரு வச்சுக்க முடியாது. எங்களுக்குத் தோதா ஏதாவது அறம் இருந்தாச் சொல்லு.” பேச்சுவார்த்தை நடந்தது. கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லக் கூடாது. மூப்படைந்து தானாகச் செத்த பிராணியை மட்டும் தின்னலாம். கள் விஷயத்தில் சாதுவன் அதற்கு மேல் அழுத்தவில்லை. மதுவிலக்கின் எல்லை எதுவென்று தமிழ்நாட்டில் அப்போதே தெரிந்திருக்கிறது.

புறப்படும்போது தலைவர், இதற்கு முன்னால் கரையொதுங்கிய வணிகர்களிடமிருந்து சேர்ந்த அகில், சந்தனம், துணிமணி எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தார். அந்த வணிகர்கள் எங்கே என்று சாதுவன் கேட்கவில்லை. சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பலில் ஏறி ஊர்வந்து சேர்ந்தான். சூதில் தொலைத்த பணம் பாம்பு லோகத்திலிருந்து திரும்பி வந்தது. வங்கிகள் இந்த விஷயத்தில் நாகர்களிடம் பாடம் படிக்கலாம்.

இந்த நாகர்களுக்கு வால் உண்டா, படம் உண்டா என்று சாத்தனார் எழுதவில்லை. இவர்கள் பாம்பே அல்ல, பழங்குடி மக்கள் என்று வி. கனகசபை 1904இல் வந்த தம் ஆங்கில நூலில் வாதாடினார். இருக்கலாம். வால் இல்லை என்று தெரிந்ததும் கதையின் சுவை பாதி போய்விடுகிறது, அதனால் நான் வாலுக்கே ஓட்டுப் போடுகிறேன்.

இனிப் பெண் வீட்டுக் கதை. நாகநாட்டு அரசன் வளைவணன். மனைவி வாசமயிலை. மகள் பீலிவளை. பெண் பிறந்ததுமே சோதிடனைக் கூப்பிட்டார்கள். “சூரிய குலத்து ராஜா ஒருத்தனைச் சேருவா. வயித்துல புள்ளையோட திரும்பி வருவா” என்றான் சோதிடன். வேறு வீடாக இருந்தால் சோதிடனை அடித்தே துரத்தியிருப்பார்கள். நாகநாட்டில் அப்படியெல்லாம் செய்ததாகத் தகவல் இல்லை. பெண் வளர்ந்தாள். சமயம் பார்த்துப் புகார்க் கடற்கரைக்கு வந்தாள்.

அங்கே ஒரு சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளி நின்றுகொண்டிருந்தான். அவன் சூரிய குலம். பெண்ணைப் பார்த்தான். விழுந்தான். ஒரு மாதம் குடும்பம் நடத்தினான். இந்த ஒரு மாதத்தில் அவன் கேட்காத கேள்விகள் இவை: நீ யார்? உன் ஊர் எது? அப்பா பெயர் என்ன? சாதாரணமாக வீட்டு வாடகைக்கு ஆள் வைக்கும்போதே நாம் இவ்வளவும் கேட்டுவிடுவோம். சோழ சாம்ராஜ்யத்துக்கு வாரிசு உண்டாகும் காரியத்தில் ஒரு முகவரிச் சீட்டுகூட வாங்கி வைக்கவில்லை. ஒரு நாள் காலையில் பெண்ணைக் காணோம்.

ராஜா ஆள் விட்டுத் தேடினான். கடைசியில் சாரணர் என்கிற துறவி ஒருவர் வந்து விஷயத்தை உடைத்தார். “நான் நாகநாட்டில் அவளைப் பார்த்திருக்கிறேன். அவள் வர மாட்டாள். பிள்ளை வரும். அழாதே.” இவ்வளவுதான். சோதிடன் சொன்னதிலிருந்து சாரணர் சொன்னதுவரை எல்லாம் பெண் வீட்டாருக்கு முன்னமே தெரியும். ஒன்றும் தெரியாமல் கடற்கரையில் நின்றது மாப்பிள்ளை மட்டும்தான். நாகங்களின் புத்திக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நான் இந்த இடத்தில் போடுவேன்.

பீலிவளை பிள்ளை பெற்றாள். மணிபல்லவத்துக்கு வந்த கம்பளச் செட்டி என்ற வணிகனின் கப்பலில் குழந்தையை ஏற்றி, “இது உங்க ராஜாவோட மகன். கொண்டுபோய்க் குடுங்க” என்று அனுப்பிவைத்தாள். மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள நயினாதீவுதான் என்று பலர் கருதுகிறார்கள். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. சொந்தக்காரர்கள் இடத்தைக் காலி செய்யவில்லை.

கப்பல் அன்றிரவே உடைந்தது. மணிமேகலையில் கரை சேரும் கப்பலைவிட உடையும் கப்பல்தான் மனதில் நிற்கிறது. பிழைத்தவர்கள் ராஜாவிடம் போய்ச் சொன்னார்கள். அவன் கடற்கரையெல்லாம் குழந்தையைத் தேடி அலைந்தான். அந்த வருடம் இந்திர விழாவை நடத்த மறந்துவிட்டான். இருபத்தெட்டு நாள் விழா. கோபப்பட்ட தெய்வம் சாபம் போட, புகாரைக் கடல் கொண்டது. ஆக, ராஜா ஒரு முகவரி கேட்க மறந்ததில் தொடங்கிய விவகாரம் தலைநகரமே கடலுக்குள் போவதில் முடிந்தது. நாகநாட்டுக்கு ஒரு சேதமும் இல்லை.

காப்பியத்தின் நாயகி மணிமேகலை அப்போது காஞ்சிக்கு வந்து சேர்ந்தாள். ஊரில் பஞ்சம். அவள் கையில் அமுதசுரபி. அந்தப் பாத்திரம் எங்கே கிடைத்தது? அதே மணிபல்லவத்தில், கோமுகிப் பொய்கையில். காஞ்சிபுரத்தின் முதல் இலவச உணவுத் திட்டத்துக்குப் பாத்திரம் நாகத் தீவிலிருந்து இறக்குமதியானது என்பதை எந்த அரசும் விளம்பரத்தில் போடவில்லை.

பீலிவளையின் கதை பின்னால் வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூச்சத்தைக் கொடுத்திருக்க வேண்டும். பெண் தானாக வந்தாள், தானாகப் போனாள், ராஜா பேந்தப் பேந்த விழித்தான் என்றால் நன்றாகவா இருக்கிறது? பதினான்காம் நூற்றாண்டில் உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஆண்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றினார். அவர் சொல்கிற கதையில் சோழன் தானே பிலம் என்கிற பாதாளக் குகையின் வழியாக நாகலோகம் போகிறான். நாகக் கன்னியைச் சேர்கிறான். திரும்பும்போது அவள் கேட்கிறாள்: “பிள்ளை பிறந்தால் என்ன செய்வது?” சோழனுக்கு நல்ல யோசனை தோன்றுகிறது. “தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட்டுவிடு. வந்து சேர்ந்தால் ராஜ்ஜியம் தருகிறேன்.”

பச்சைக் குழந்தையைக் கடலில் விடு என்கிறான் தகப்பன். கப்பல் கூலிகூடக் கொடுக்க மனமில்லை. முதல் கதையில் தாய் கப்பல் பார்த்து, வணிகன் பார்த்து, தகவல் சொல்லி அனுப்பினாள். இரண்டாம் கதையில் தகப்பன் யோசனைப்படி கொடியைக் கட்டிக் கடலில் விட்டார்கள். ஆனாலும் குழந்தை கரை சேர்ந்தது. திரை கொண்டுவந்ததால் திரையன், கொடியால் தொண்டைமான். அவன் வளர்ந்து தொண்டை நாட்டைப் பெற்றான். காஞ்சி தலைநகரம் ஆயிற்று.

இந்தத் திரையன்தான் இளந்திரையன் என்று சொல்லி, அவன் மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை என்பார்கள். ஐந்நூறு அடி. கடல் தந்த மரபு என்று மட்டும் நாசூக்காகச் சொல்லிவிட்டுத் தாய்வழித் தாத்தாவைத் தொடாமல் நகர்ந்துவிட்டார். பரிசில் வாங்கப் போகிற இடத்தில், “உங்க தாத்தா தோல் உரிப்பாராமே?” என்று எந்தப் புலவர் கேட்பார்?

பல்லவர்கள் வந்தார்கள். இவர்களுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பாம்பு உறவைத் தாமிரத்தில் வெட்டிவைத்தார்கள். மூன்றாம் நந்திவர்மன் காலத்து வேலூர்ப்பாளையம் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டு. அதில் வீரகூர்ச்சன் என்ற முன்னோரைப் பற்றி ஒரு தகவல்: நாகராஜன் மகளின் கையைப் பிடித்தபோதே அரச சின்னங்கள் அனைத்தையும் கையில் பிடித்துவிட்டான். அதாவது ஒரே முகூர்த்தத்தில் பெண்ணும் பதவியும். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனதை இத்தனை பெருமையாகப் பொறித்து வைத்த வம்சம் இன்னொன்று உண்டா தெரியவில்லை. ஆந்திரப் பக்கம் ஆண்ட ஏதோ ஒரு நாக குலத்தில் பெண்ணெடுத்துத்தான் பல்லவர்கள் தலையெடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் இதற்குப் பொருள் சொல்கிறார்கள். பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பது மற்றவர்களுக்கு. பல்லவன் தாம்பாளத்தோடு போய் நின்றிருக்கிறான்.

பெண்ணுக்குப் பட்டுப்புடவைச் செலவும் இல்லை என்பது என் ஊகம். காஞ்சிபுரத்தில் தறி எப்போது வந்ததோ, நாகக் கன்னிக்குச் சட்டை தானாகவே புதுசு ஆகிவிடும். கொடுத்துவைத்த மாமனார். இன்றைக்கும் கல்யாணப் பெண் பின்னலில் ஐந்து தலையோடு ஜடைநாகம் ஏறி உட்காருவதைப் பார்த்தால், பாட்டி பேத்தி கல்யாணத்தைத் தவறவிடுவதில்லை என்றுதான் தோன்றுகிறது.

பல்லவர்களிடம் ஒரே ஒரு குழப்பம்தான். பாட்டி யார் என்பதில் செப்பேட்டுக்குச் செப்பேடு பேச்சு மாறும். ராயக்கோட்டைச் செப்பேட்டைக் கேட்டால், துரோணர் மகன் அசுவத்தாமனுக்கும் ஒரு நாகப் பெண்ணுக்கும் பிறந்தவன் ஸ்கந்தசிஷ்யன் என்கிறது. அமராவதித் தூண் கல்வெட்டைக் கேட்டால், அதே அசுவத்தாமன்தான், ஆனால் பெண் மதனி என்ற அப்சரஸ். பிறந்த குழந்தையைத் தளிர்ப் படுக்கையில் போட்டார்களாம், அதனால் பல்லவன். தாத்தா ஒருவர்தான், ஊருக்கு ஒரு பாட்டி. நியாயமாகப் பார்த்தால் அசுவத்தாமன் சாபம் வாங்கி, புண்ணோடு காட்டில் தனியாகத் திரிய வேண்டிய சிரஞ்சீவி. துணையே கிடைக்காது என்பது கிருஷ்ணன் போட்ட சாபம். அந்தச் சாபம் தொண்டை மண்டலத்தில் செல்லுபடியாகவில்லை.

இந்த மனிதர் தொண்டை மண்டலத்தோடும் நிற்கவில்லை. இன்றைய வியட்நாமில் இருக்கும் மீசோன் கோயிலில் சம்பா அரசன் பிரகாசதர்மன் பொறித்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, 658ஐ ஒட்டியது. கம்போஜ வம்சம் எப்படித் தோன்றியது என்று அதில் வருகிறது. கௌண்டின்யன் என்ற பிராமணன் ஈட்டி ஒன்றை நட்டான். நாகராஜன் மகள் சோமாவை மணந்தான். வம்சம் பெருகியது. சரி, ஈட்டி யார் கொடுத்தது? துரோணர் மகன் அசுவத்தாமன்! காஞ்சிபுரத்தில் தானே மாப்பிள்ளை, கம்போஜத்தில் கல்யாணத் தரகர். நாகப் பெண்ணும் அசுவத்தாமனும் இல்லாமல் அந்தக் காலத்தில் ராஜ்ஜியப் பதிவே செய்ய மாட்டார்கள் போலிருக்கிறது.

இரண்டாம் நந்திவர்மனே அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தான் என்று சொல்பவர்கள்கூட இருக்கிறார்கள். ஆதாரம் கம்மி, ஆசை ஜாஸ்தி. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்தபோது காஞ்சிப் பிரமுகர்கள் ராஜா தேடிப் புறப்பட்டு இரணியவர்மன் வீட்டில் போய் நின்றதும், மற்றப் பிள்ளைகள் மறுத்துவிட, பன்னிரண்டு வயதுப் பையன் பல்லவமல்லன் மட்டும் “நான் வரேன்” என்றதும் வைகுந்தப் பெருமாள் கோயில் பிராகாரச் சுவரில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவன்தான் இந்த நந்திவர்மன். அந்தச் சிற்ப வரிசையைப் பற்றிச் சி. மீனாட்சி எழுதிய நூல் 1941இல் வந்தது. வரலாற்றைப் படக்கதையாகப் போட்ட கோயில் அது. பார்க்காதவர்கள் பார்க்கலாம். பட்டுக்கடைக் கூட்டத்தில் பாதிகூட அங்கே இருக்காது, நிம்மதியாக நிற்கலாம்.

நாகப் பெண்ணைக் கட்டியதால் வரும் பொறுப்பு என்ன என்பதைக் கம்போஜத்து ராஜாக்களிடம்தான் கேட்க வேண்டும். 1296இல் சீனத் தூதுக்குழுவோடு அங்கோர் நகரத்துக்குப் போன சௌ தாகுவான் அங்கே கேள்விப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். அரண்மனைக்குள் ஒரு தங்க கோபுரம். அதன் உச்சியில் ஒன்பது தலை நாகத்தின் ஆவி இருக்கிறது. நாட்டின் மண்ணுக்கெல்லாம் அதுதான் சொந்தக்காரி. இரவானால் பெண் வடிவில் வரும். ராஜா முதலில் அங்கே போய்விட்டுத்தான் மற்ற மனைவிகளிடம் போகலாம். பட்டத்து ராணிகூட அந்த நேரத்தில் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஒரு ராத்திரி அவள் வராவிட்டால் ராஜாவின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ராஜா போகாவிட்டால் நாட்டுக்கு ஆபத்து. காய்ச்சல், தலைவலி, பட்ஜெட் வேலை என்று எதுவும் சொல்ல முடியாது. பண்டிகை விடுமுறையும் இல்லை. காஞ்சிபுரத்து மாப்பிள்ளைகள் அரச சின்னத்தை வாங்கிக்கொண்டு நாசூக்காக ஒதுங்கிவிட்டார்கள். கம்போஜத்து மாப்பிள்ளைகளுக்குத்தான் தினசரி வருகைப் பதிவேடு.

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் சண்டை போட்டுக்கொள்கிற அந்தப் பெரிய பாறையில் நடுவே ஒரு பிளவு இருக்கிறது. அதில் நாகராஜனும் நாகினியும் கைகூப்பிக்கொண்டு மேலே வருகிறார்கள். பாறை உச்சியில் தொட்டி கட்டித் தண்ணீர் விட்டால் அவர்கள் மேல் வழிகிற மாதிரி ஏற்பாடு இருந்திருக்கிறது. யானைக்கும் முனிவருக்கும் பூனைக்கும்கூட ஓரமாகத்தான் இடம். நட்ட நடுவில், குளிர்ந்த தண்ணீரில், மாமனார். பல்லவன் நன்றி மறக்கவில்லை.

பல்லவன் போனான். பாம்பு காஞ்சிபுரத்தை விடவில்லை. உலகளந்த பெருமாள் கோயிலில் ஊரகம் சந்நிதி. பாதாளத்துக்கு மிதிக்கப்பட்ட மகாபலிக்குத் தன்னை மிதித்த பெருமாளின் முழு உருவத்தைப் பார்க்க முடியவில்லையாம். தலைக்கு மேலே கால் இருந்தால் மற்றது எப்படித் தெரியும்? அவனுக்காகப் பெருமாளே ஐந்து தலை நாகமாக எதிரில் வந்து நின்றார் என்பது தலபுராணம். இன்றைக்கும் பெரிய உருவத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் பக்கத்தில் இருக்கும் நாகத்திடம் வந்து குழந்தை வரம் கேட்கிறார்கள். அடக்கமான உயரத்தில் இருப்பதால் பேசுவதற்கு வசதி.

ஆனால் காஞ்சியில் அதிகம் பாடுபட்ட நாகம் திருவெஃகாவில் இருக்கிறது. பெருமாளின் படுக்கையான ஆதிசேஷன். பிரம்மா யாகம் பண்ணினார், சரசுவதியைக் கூப்பிடவில்லை. அம்மாள் கோபித்துக்கொண்டு வேகவதி ஆறாகப் பாய்ந்து வந்தாள். தடுக்க வேண்டும். பெருமாள் என்ன செய்தார்? ஆற்றுக்குக் குறுக்கே படுத்துவிட்டார். அவர் படுத்தார் என்றால் அவருக்குக் கீழே யார்? புருஷன் பெண்டாட்டி தகராறில் குறுக்கே படுத்து நனைந்தது சேஷன். தலபுராணத்தில் அவருக்கு ஒரு நன்றிகூடக் கிடையாது.

அப்புறம் திருமழிசை ஆழ்வார் விவகாரம். ஆழ்வாருக்குத் தொண்டு செய்த கிழவி ஒருத்தி அவர் அருளால் இளம்பெண்ணாக, பல்லவ ராஜா அவளைக் கட்டிக்கொண்டான். ராஜாவுக்கு வயது ஏறியது, ராணிக்கு ஏறவில்லை. தனக்கும் இளமை வேண்டும் என்று ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனைக் கூப்பிட்டான். ஆழ்வார் வர மாட்டார் என்றான் சீடன். அப்படியானால் நீயாவது என்னைப் பாடு என்றான் ராஜா. அதுவும் முடியாது என்றதும் ஊரைவிட்டுப் போ என்று உத்தரவு போட்டான். சீடன் கிளம்பினான். சீடன் போகிற ஊரில் எனக்கென்ன வேலை என்று ஆழ்வார் கிளம்பினார். கிளம்பும்போது சும்மா போகாமல் பெருமாளிடம், “நீயும் பாயைச் சுருட்டிக்கொண்டு வா” என்றார். பெருமாள் எழுந்து, ஆதிசேஷனை அப்படியே சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

ஆயிரம் தலை. பூமியைத் தாங்குகிறவர். ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா, “சேஷா, வரியா?” என்று? கேட்கவில்லை. சுருட்டினார், நடந்தார். ஊருக்கு வெளியே, இன்றைக்கு ஓரிக்கை என்கிறோமே அங்கே, ஓர் இரவு தங்கினார்கள். காஞ்சியோ இருண்டுபோனது. ராஜா பதறிக்கொண்டு ஓடிவந்து காலில் விழுந்தான். கணிகண்ணன் மனம் மாற, ஆழ்வார் மனம் மாற, பெருமாள் திரும்பினார். மறுபடி சந்நிதிக்கு வந்து பாயை விரித்துப் படுத்தார்.

மற்றக் கோயில்களில் பெருமாள் தலை வைக்கும் பக்கம் ஒன்று, திருவெஃகாவில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். பக்தன் சொன்னபடி எழுந்து போய்த் திரும்பி வந்ததற்கு அதுதான் அடையாளம் என்று பட்டர் சொல்வார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற பெயரும் அப்படித்தான். எனக்கென்னவோ வேறு மாதிரித் தோன்றுகிறது. அவசரத்தில் சுருட்டிய பாய். ஊரிலோ அப்போதுதான் இருட்டு விலகிக்கொண்டிருந்தது. தலைமாடு எது, கால்மாடு எது என்று தெரிந்த ஒரே ஆள் சேஷன். அவரை மறுபடியும் யாரும் கேட்கவில்லை. அவரும், கேட்காதவர்களுக்கு நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார்.